மேட்டுப் பூ

செபமாலையை இரண்டு சுற்றாகச் சுற்றி அருள்நாதனின் விரல்களுக்குள் செருகுவதற்குள் செங்கொடிக்கு வியர்த்துவிட்டது. விடியற்காலை ஐந்தரைக்கு மூச்சு நின்றது. இப்போது மணி பத்து. விரல்கள் விறைத்துவிட்டன. வலது கையின் ஆள்காட்டி விரல் மட்டும், என்றோ கரிக்கூடையின் கம்பி கிழித்துக் கோணிப்போனது, உயிரோடு இருந்தபோது எப்படியோ அப்படியே தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. 'இரு, சொல்லி முடிச்சிடறேன்' என்று யாரையோ நிறுத்துவது போல.

"அந்தப் பக்கம் வுடு, நான் புடிக்கிறேன்" என்று எதிரில் வந்து உட்கார்ந்தாள் ஃப்ளோரன்ஸ். அருள்நாதனின் மூத்த மகள், செங்கொடிக்கு நாத்தனார். திருவொற்றியூரிலிருந்து ஆட்டோ பிடித்து ஏழு மணிக்கே வந்தவள், அழ வேண்டியதை வாசலிலேயே அழுது முடித்துவிட்டுப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு வேலையில் இறங்கியிருந்தாள்.

மாமனாரை மருமகள் ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமுமாகப் பிடிக்க, மாலை ஒரு வழியாக உட்கார்ந்தது. ஃப்ளோரன்ஸ் அப்பாவின் இடது கையைப் பார்த்தாள்.

"அந்தப் பூ எங்க கீது?"

செங்கொடி மாலையின் சிலுவையை நேராக்கிக்கொண்டிருந்தாள். "எந்தப் பூ அண்ணி?"

"இன்னா எந்தப் பூன்ற? நைனாவோட மலைப் பூ. நான் போனா கையில வெய்யினு எத்தினி தபா சொல்லிகீறாரு. உன்னாண்ட சொல்லல?"

"சொன்னாரு."

"அப்பால இன்னா? நாலு மணிக்கு எடுக்கறாங்க கிறிஸ்டினா. பொட்டிய மூடறதுக்குள்ள எடுத்தாந்து வெய்யி."

"தேடி எடுத்தாறேன் அண்ணி" என்றாள் செங்கொடி. கிறிஸ்டினா என்பது கோயில் அவளுக்கு வைத்த பெயர்.

தேடினால் கிடைக்காது என்பது அவளுக்கு மூன்று வாரமாகத் தெரியும்.

அந்தப் பூவின் கதையை ராயபுரத்தில் அந்தச் சந்தில் கேட்காதவர்கள் கிடையாது. அருள்நாதன் துறைமுகத்தில் கரி இறக்கியவர். கப்பலிலிருந்து வேகனுக்கு, வேகனிலிருந்து குவியலுக்கு, கூடை கூடையாக. அறுபத்து மூன்றில், இருபத்தேழாவது வயதில், இருமினால் ரத்தம் வந்தது. அன்றைய பங்குச் சாமியார் ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுத்து, கொடைக்கானல் மலையில் கன்னியர்கள் நடத்திய ஓர் இல்லத்துக்கு ரயிலேற்றி அனுப்பினார். நெஞ்சு நோய்க்காரர்கள் நாற்பது பேர் அங்கே படுத்திருந்தார்கள். இல்லத்துக்குப் பின்னால் புல் மூடிய ஒரு சரிவு. அதன் உச்சியில், பாறை இடுக்குகளில், சாமந்தியைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சுருக்கினாற் போல் ஒரு வெள்ளைப் பூ. நடுவில் மஞ்சள் பொட்டு. இதழைத் தொட்டால் காகிதம் போலச் சரசரக்கும். யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை.

எக்ஸ்ரே, எடை எல்லாம் பார்த்த பிறகு கடைசிப் பரீட்சை ஒன்று உண்டு. தலைமைச் சிஸ்டர் அந்த மேட்டைக் காட்டுவார். மூச்சு வாங்க எங்கேயும் உட்காராமல் ஏறி, ஒரு பூவைப் பறித்து வந்து அவர் மேஜையில் வைக்க வேண்டும். வைத்தவனுக்கு வீட்டுக்கு டிக்கெட். அருள்நாதன் நாலாம் மாதம் ஏறிப் பாதியில் உட்கார்ந்துவிட்டார். ஏழாம் மாதம் முக்கால்வாசி. பதினோராம் மாதம் கொண்டுவந்து வைத்தார். சிஸ்டர் அதை அவரிடமே திருப்பிக் கொடுத்து, "இது வாடாது. வச்சுக்கோ" என்றாராம்.

மெய்யாகவே வாடவில்லை. முப்பத்தெட்டு வருடம்.

"அத்தோட என் கணக்கு முடிஞ்சுது" என்பார் அருள்நாதன். "அப்பால வந்ததெல்லாம் கொசுறு. கத்திரிக்கா வாங்கினா ஒரு கொத்து கறிவேப்பில தூக்கிப் போடறானே, அந்த மாதிரி. கல்யாணம் கொசுறு. ஃப்ளோரன்ஸு கொசுறு. டெரிக்கு கொசுறு." பிறகு சமையற்கட்டுப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்துவார். "செங்கொடி, நீ கொசுறுலயும் கொசுறு. கேக்குதா?"

"கேக்குது மாமா. கறிவேப்பில வாங்கினு வாங்க, காலி ஆயிடுச்சு."

அவளை அந்த வீட்டில் செங்கொடி என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். அவள் வியாசர்பாடிக்காரி. அப்பா லோகநாதன் மில்லில் சங்கம் வைத்தவர். மகள் பிறந்த அன்று கையில் எது இருந்ததோ அதையே பெயராக வைத்துவிட்டார். டெரிக்கைக் கட்டிக்கொண்டபோது கோயிலில் கிறிஸ்டினா ஆனாள். லோகநாதன் கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்றார். அருள்நாதன் தனியாக வியாசர்பாடிக்குப் போய் அவர் வீட்டுப் படியில் காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்திருந்தார். என்ன பேசினார்கள் என்று இரண்டு பேருமே கடைசிவரை சொல்லவில்லை. லோகநாதன் வந்தார், கோயிலுக்குள் வரவில்லை, வாசலில் நின்றார். அன்று சாயங்காலம் மருமகளிடம் அருள்நாதன் சொன்னார்: "ஃபாதரு உனக்கு வெச்ச பேரு கோயில் ரிஜிஸ்டருக்கு. வூட்டுல எதுக்கு? நான் பழைய பேர்லயே கூப்புடறேன். உங்கப்பன் ஆசையா வெச்சது."

பதினொரு வருடமாகச் செங்கொடி எந்தத் திருப்பலிக்கும் பிந்தியதில்லை. பிறந்ததிலிருந்தே கோயிலில் வளர்ந்தவர்களுக்குக் கோயிலிடம் ஓர் அலட்சியம் இருக்கும். அவளுக்கு அது வரவில்லை. ஃபாதர் ஓர் அறிவிப்பு வாசித்தால் அதை அன்றைக்கே செய்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் யாராவது ஒருவர், 'அவளுக்கு நம்ம வழக்கம் இன்னா தெரியும்' என்று சொல்லிவிடுவார்கள்.

அந்தப் பயம்தான் காரியத்தைக் கெடுத்தது.

குருத்து ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துத் தரும் தென்னங்குருத்தை வருடம் முழுக்க இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார்கள். அடுத்த தவக்காலம் பிறப்பதற்கு முன் அந்தக் காய்ந்த ஓலையைக் கோயிலில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதை எரித்துச் சலித்த சாம்பலைத்தான் சாம்பல் புதனன்று எல்லோர் நெற்றியிலும் பூசுவார்கள். அந்த வீட்டில் ஓலை வேலை அருள்நாதனுடையது. குருத்தைச் சிலுவையாகப் பின்னுவதும் அவர், படத்துக்குப் பின்னால் செருகுவதும் அவர், எடுத்துக் கொடுப்பதும் அவர். இந்த வருடம் கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவர் படுக்கையை விட்டு எழவில்லை. பழைய நெஞ்சுதான்.

ஃபாதர் ஓலைகளைக் கொண்டுவரச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, மாமா தூங்கிக்கொண்டிருந்தார். செங்கொடி நாற்காலி போட்டு ஏறினாள். படத்துக்குப் பின்னால் துறைமுகத்துக் கரித்தூசி ஒரு விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. கறுத்துப்போன ஓலைச் சிலுவையை அப்படியே பழைய தினத்தாளில் சுற்றி, தெருவிலேயே முதல் ஆளாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் கஞ்சி குடித்துக்கொண்டே அவர் சொன்னார்: "படத்துக்குப் பின்னால ஓலைச் சிலுவ கீதுல்ல, அதுக்கு நடுவுல பின்னலுக்குள்ளதான் அந்தப் பூ கீது. வருசா வருசம் பழைய ஓலைலர்ந்து எடுத்து புதுசுல வெச்சிடுவேன். நான் போவ சொல்ல அத்த எடுத்து கையில வெச்சிடு. மேல போயி இன்னாடா கொணாந்தனு கேட்டா, மேட்டுல ஏறினதுக்கு ஒரு அத்தாட்சி காட்டணும்ல."

கையிலிருந்த கரண்டியை அவள் கீழே வைக்கவில்லை. "சரி மாமா" என்றாள்.

அவர் கண்ணயர்ந்ததும் ஓடினாள். கோயிலுக்குப் பின்னால் எண்ணெய் டின்னை வெட்டிச் செய்த, ஓலை எரிக்கும் தொட்டி காலியாக நின்றது. தொட்டால் இன்னும் சூடு. அடியில் கொஞ்சம் கருகல் ஒட்டியிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவினாள்.

மறுநாள் சாம்பல் புதன். கோயில் உபதேசியார் அப்பாவு சின்ன டப்பாவில் சாம்பல் எடுத்துக்கொண்டு வீடு வீடாக நோயாளிகளைப் பார்க்க வந்தார். அவள் அவருக்கு டீ போட உள்ளே போனாள். திரும்பி வந்தபோது மாமாவின் நெற்றியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சாம்பல் அப்பியிருந்தது. "இத்த துடைக்காத, கெடக்கட்டும்" என்றார். இரவு புரண்டு படுத்ததில் அது தலையணை உறையில் இறங்கியிருந்தது. காலையில் உறையை மாற்றியபோது, "அத்த தோய்க்காத. மடிச்சு என் பொட்டியில வெய்யி" என்றார். மந்திரித்த சாம்பல் சாக்கடைக்குப் போகக் கூடாது என்று நினைக்கிறார் போலும் என்று மடித்து வைத்தாள். அதற்குப் பிறகு அவர் பூவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தான் சொன்ன 'சரி மாமா'வை அவர் நம்பிக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பு அவளைத் தினமும் அரித்தது. சொல்லிவிட வேண்டும் என்று இருபது தடவையாவது கட்டிலருகே போயிருப்பாள். ஒவ்வொரு தடவையும் அவர் ஏதாவது ஒன்று கேட்பார்: தண்ணீர், ஜன்னல், டெரிக் வந்துவிட்டானா. எடுத்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள்.

இன்று காலைதான் கடைசித் தடவையாகப் போனாள்.

பன்னிரண்டு மணிக்கு அவள் கொல்லைப் பக்கம் போனாள். குழாயடிச் சுவரோரம், சாக்கடை ஈரத்தில், வெட்டுக்காயப் பூண்டு மண்டிக் கிடந்தது. நீண்ட காம்பின் நுனியில் குட்டிச் சாமந்தி மாதிரி ஒரு பூ. ஓரத்தில் வெளுப்பு, நடுவில் மஞ்சள். செங்கொடி சுற்றும் முற்றும் பார்த்தாள். ஒன்றைக் கிள்ளினாள். அடுப்பின் மேல் தோசைக்கல்லை வைத்து, கல் லேசாகச் சுட்டதும் பூவை அதில் வைத்துக் கரண்டியால் அழுத்தினாள். சுருங்கியது. ஜன்னல் கம்பியில் படிந்திருந்த கரியை விரலால் தொட்டு இதழ்களில் தடவினாள். முப்பத்தெட்டு வயதுப் பூவாகிவிட்டது.

தோசைக்கல்லைக் கழுவிக் கவிழ்த்தாள்.

இரண்டு மணிக்குப் பெட்டி வந்தது. டெரிக்கும் துறைமுகத்து ஆட்கள் மூன்று பேரும் கூடத்தில் இறக்கினார்கள். டெரிக் அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். அளவு சரியா என்று கேட்பதற்கு மட்டும் வாயைத் திறந்தான்.

"நீளம் பத்துமாடா?" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"பத்தும்க்கா."

"நைனா ஒசரமாச்சே."

"ஒசரமா இருந்தாரு" என்றார் வந்தவர்களில் வயதானவர் ஒருவர். "எத்தினி கப்பலு தலமேல எறக்கினாரு. பாதி ஒசரம் ஹார்பர்லயே கீது."

யாரோ சிரித்தார்கள். அருள்நாதன் இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

தூக்கிக் கிடத்தினார்கள். அப்பாவு கோயிலிலிருந்து கைச்சிலுவையும் தீர்த்தச் செம்பும் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தார். பெட்டிக்குள் தலைக்குக் கீழே வெறும் பலகை. ஃப்ளோரன்ஸ் அதைக் கவனித்து, "ஒரு தலாணி வெக்கணும்" என்றாள். பிறகு செங்கொடி பக்கம் திரும்பினாள்.

"கெடச்சுதா?"

செங்கொடி கையை விரித்தாள்.

ஃப்ளோரன்ஸ் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுப் பூவை முகத்துக்கு அருகே கொண்டுபோனாள். வாசலில் அழுது முடித்ததாக நினைத்தது முடியவில்லை. "ஆங். இதான்" என்றாள். "எட்டு வயசுல இத்த எடுத்து தலையில வெச்சுகினேன். நைனா என்னை அடிச்சது அந்த ஒரு தபாதான். அப்பால அவரே அழுதாரு. கமர்கட்டு வாங்கியாந்து குடுத்தாரு." பூவை உள்ளங்கையில் வைத்து மற்றொரு கையால் மூடிக்கொண்டாள்.

யாருக்கும் தெரியப்போவதில்லை. இன்னும் ஒன்றரை மணி நேரம். அப்புறம் மண்.

செங்கொடி பெட்டிக்குள் பார்த்தாள். கோணல் விரல் நீட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணி, அது இல்ல இது."

"இன்னாது?"

"இது கொல்லையில பறிச்சது. அந்தப் பூ இல்ல. ஓலைச் சிலுவைக்குள்ள இருந்துச்சு. தெரியாம ஓலையோட கோயில்ல குடுத்துட்டேன். எரிச்சுட்டாங்க."

கூடத்தில் செபம் சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினார்கள். ஃப்ளோரன்ஸ் கையைத் திறந்து பூவைப் பார்த்தாள். மெல்லப் பெட்டியின் விளிம்பில் வைத்தாள்.

"எப்ப?"

"சாம்பல் புதனுக்கு முன்னால."

"மூணு வாரமா வாய மூடிகினு இருந்த. அந்த மனுசன் கையில பூ வருமுனு நம்பிகினே போய்க்கீறாரு." குரலை அவள் உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. "நம்ம வழக்கம் தெரிஞ்சவளா இருந்தா ஒரு வார்த்த கேட்டுட்டு குடுத்திருப்பா."

பதினொரு வருடமாகச் செங்கொடி பயந்துகொண்டிருந்த வாக்கியம் அது. கேட்டு முடித்ததும், இவ்வளவுதானா என்றுகூடத் தோன்றியது. டெரிக், "அக்கா, வுடுக்கா" என்றான்.

"உங்க நைனா நம்பிகினு போவல" என்றது ஒரு குரல்.

அப்பாவுதான். சுவரோரம் முக்காலியில் உட்கார்ந்திருந்தவர், தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"அருளண்ணனுக்குத் தெரியும். சொல்லக் கூடாதுனு சொன்னாரு, சொல்லல. இப்ப சொல்லாம இருந்தாதான் தப்பு." செங்கொடியைப் பார்த்தார். "அன்னிக்கு நீ டீ போட உள்ள போனல்ல. நான் சாம்பல் டப்பாவத் தொறந்தேன். 'அப்பாவு, எங்க வூட்டு ஓலயும் இதுல கீதா'ன்னாரு. 'கீதுண்ணே, மொத ஆளா கிறிஸ்டினாதான் கொணாந்து குடுத்துச்சு'ன்னேன். திரும்பி படத்தப் பாத்தாரு. பாத்துகினே இருந்தாரு. எனக்கு பேஜாராயிடுச்சு. அப்பால சிரிக்க ஆரம்பிச்சாரு. சிரிச்சு சிரிச்சு இருமல் வந்துடுச்சு."

"சிரிச்சாரா?" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"சிரிச்சாரும்மா. 'அந்த மேட்டுப் பூவும் இதுலதான் கீது அப்பாவு'ன்னாரு. எனக்கு கையி ஓடல. எரிச்சது நான்தான? 'அண்ணே, ஒரு வார்த்த சொல்லியிருந்தா தனியா எடுத்து வெச்சிருப்பனே'ன்னேன். 'வுடுடா. நான் ஒருத்தன் வெச்சுகினு இன்னா பண்ணப்போறேன், எல்லார் நெத்திக்கும் போச்சு. நல்லா அமுக்கி வெய்யி, எங்கூட்டுது கொஞ்சமாச்சும் எனக்கு வரட்டும்'ன்னாரு. வெச்சேன். எத்தினியோ வருசமா வெக்கிறேன், அத்தினி சாம்பல் யாருக்கும் வெச்சதில்ல."

செங்கொடி பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ டீ எடுத்துகினு வர சத்தம் கேட்டுது. அப்பதான் ஜல்தியா சொன்னாரு. 'அந்தப் பொண்ணாண்ட கேட்டுகினு கீட்டுகினு இருக்காத. நேத்துலர்ந்து அது சோறு துன்னல.'"

அப்பாவு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தெருவில் ஒரு டிரெய்லர் லாரி போயிற்று. ஜன்னல் கதவுகள் கொஞ்ச நேரம் அதிர்ந்து அடங்கின.

தண்ணீர், ஜன்னல், டெரிக் வந்துவிட்டானா. அவள் கட்டிலருகே போய் வாயைத் திறந்தபோதெல்லாம் அவர் கேட்டவை. தாகமில்லாமல் எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்திருப்பார்.

செங்கொடி உள்ளே போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தாள். வேட்டிகளுக்கு மேலே அந்த உறை, அவள் மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது. அவருடைய சிறிய தலையணையை எடுத்து உறையை மாட்டினாள். கறை மேல்பக்கம் வருமாறு பார்த்து, மூலைகளை இழுத்து நேராக்கிக் கூடத்துக்கு எடுத்து வந்தாள். டெரிக் அப்பாவின் தலையைத் தூக்கிப் பிடிக்க, தலையணையைக் கீழே வைத்தாள். வலது காதுக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு, அந்தச் சாம்பல் தெரிந்தது.

"இன்னா அது?" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"அன்னிக்கு வெச்ச சாம்பல் அண்ணி. தோய்க்காதனு சொன்னாரு. எனக்கு எதுக்குனு தெரில."

ஃப்ளோரன்ஸ் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது வாயோரம் நெளிந்தது. அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை.

"அப்ப இந்த வருசம் ராயபுரமே எங்க நைனாவோட பூவ நெத்தியில வெச்சுகினு சுத்திகீது."

"மெய்தான்" என்றார் அப்பாவு.

"மீன் மார்க்கெட்டு, ஹார்பரு, கறிக்கடைக்காரன் மொதக்கொண்டு. எனக்குதான் இல்ல. நான் திருவொத்தியூர் கோயில்ல வெச்சுகினேன்."

பெட்டி விளிம்பில் வைத்த வெட்டுக்காயப் பூ அதற்குள் துவண்டு தலை தொங்கியிருந்தது. செங்கொடி அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மூன்றே முக்காலுக்கு ஃபாதர் வந்து செபம் முடித்தார். மூடியைத் தூக்கியபோது ஃப்ளோரன்ஸ், "இருங்க" என்றாள். குனிந்து, அப்பாவின் காதோரம் தன் வலது கட்டைவிரலை அந்தக் கறையில் வைத்து அழுத்தினாள். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. எடுத்துப் பார்த்தாள். விரல் ரேகைகளுக்கு நடுவே லேசாகச் சாம்பல் நிறம் ஏறியிருந்தது.

"ம், மூடுங்க" என்றாள்.

வாசலில் வேன் நின்றிருந்தது. பெட்டியை ஏற்றிவிட்டு, பெண்கள் ஏறுவதற்கு ஸ்டூல் போட்டார்கள். ஃப்ளோரன்ஸ் ஏறி உள்ளிருந்து இடது கையை நீட்டினாள்.

"செங்கொடி, ஜல்தி வா. எடம் போயிடும்."

செங்கொடி அந்தக் கையைப் பிடித்து ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேன் மேம்பாலத்துப் பக்கம் திரும்பிக் குலுங்கியது; எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். காசிமேட்டுக் கல்லறை வரை ஃப்ளோரன்ஸ் எதையும் பிடிக்கவில்லை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் செங்கொடியின் தோளில் வந்து இடித்தாள். வலது கையை மடிமேல் வைத்து, கட்டைவிரலை மட்டும் எதிலும் படாமல் தனியாக நீட்டிக்கொண்டிருந்தாள்.